கையைத் தூக்கிப் பாருங்கள்

மேடை நாடகத்துக்கும் நடனத்துக்கும் உடை வடிவமைப்பது என் தொழில். இப்போது பெரும்பகுதி நேரம் நெசவும் சாயமும் தையலும் கற்றுக்கொடுப்பதில் போகிறது. பயில வருகிறவர்கள் அழகான ஓவியங்களோடு வருகிறார்கள். நான் முதலில் கேட்பது, "இதை உடுத்திக்கொண்டு கையைத் தூக்க முடியுமா?" என்பதுதான்.

ஒரு நடனக் கலைஞருக்கு உடை அளவு பார்க்கும்போது மாணவி ஒருத்தி உடனிருந்தாள். அவர் கைகளை உயர்த்தியதும் இடுப்பில் இருந்த துணி விலாவுக்கு ஏறிவிட்டது. "அக்குளை இன்னும் இறக்கி வெட்டிவிடலாமா, மேடம்?" என்றாள் மாணவி. யாருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனால் நடப்பது நேர்மாறு. அக்குள் வளைவு கீழே இறங்க இறங்க, கை எழும்போதெல்லாம் உடம்புத் துணியையும் சேர்த்து இழுக்கும். வளைவை அக்குளை ஒட்டி மேலே ஏற்றி, கைத்துணியின் மேல் வளைவைத் தாழ்த்தி அகலமாக்கினால் கை மட்டும் தனியாக எழும். அதுவும் போதாவிட்டால் அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு சேர்க்கலாம். காடாத் துணியில் இரண்டு விதமாகவும் தைத்து, அவளையே உடுத்திப் பார்க்கச் சொன்னேன். அதற்குமேல் நான் விளக்கத் தேவையிருக்கவில்லை.

இன்னொரு மாணவர் வெள்ளைப் பருத்திச் சட்டையை அவுரியில் முக்கி எடுத்தார். துணி ஆழ்ந்த நீலமாகிவிட்டது, தையல் மட்டும் வெள்ளையாகவே நின்றது. நூல் பாலியஸ்டர்! அவருக்கு எரிச்சல், எனக்கோ மகிழ்ச்சி. அன்றைய பாடத்தை ஒதுக்கிவிட்டு எல்லோரும் நூல்களைக் கொளுத்திப் பார்த்தோம். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு மென்மையான சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகிய நாற்றம் தரும். பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாக உறையும். சாயமிடப்போகும் உடையைப் பருத்தி நூலால் தைக்க வேண்டும் என்பதை அந்தக் குழு மறக்கவே இல்லை.

மேடைக்கென்று தனிக் கவலைகளும் உண்டு. பச்சை ஒளியில் சிவப்புத் துணி கறுத்துப்போகும். ஆகவே துணி வாங்கும் முன்பே விளக்கமைப்பாளரிடம் பேசிவிடுங்கள். காட்சிக்கு நடுவே அவசரமாக மாற்றும் உடையில் வெல்க்ரோ வேண்டாம், பிரிக்கும் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்கும். டிச் பட்டன் போதும்.

"துணி ஆயத்தமாகக் கிடைக்கும்போது நெசவு எதற்கு?" என்று ஒருவர் விடாமல் கேட்டார். நியாயமான கேள்விதான். அவரைச் சிறு தறியில் உட்காரவைத்து, ஒரு சாண் அகலத் துண்டை நெய்யச் சொன்னேன். பிறகு அதைப் பாவின் (நீளவாட்டு இழைகளின்) போக்கில் இழுத்தார், ஊடையின் (குறுக்கு இழைகளின்) போக்கில் இழுத்தார், அதிகம் அசையவில்லை. கிராஸாக, அதாவது மூலைவாட்டில், இழுத்தபோது இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து துணி நீண்டது. தானே கோத்த இழைகள் என்பதால் ஒவ்வொன்றின் நகர்வும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. பின்னொரு நாள் கிராஸ் வெட்டில் பாவாடை ஒன்று தைத்தவர், கீழ்விளிம்பை மடிக்காமல் இரவு முழுவதும் தொங்கவிட்டிருந்தார். அப்படிச் செய்யும்படி நான் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் பக்கவாட்டில் துணி இறங்கியிருந்த இடங்களைத் தரையிலிருந்து அளந்து குறித்து, சமமாக வெட்டிய பிறகே மடித்துத் தைத்தார்.