சி டிரைவ் நிறைந்த சர்வரும், ஏற மறுத்த பார்ட்டிஷன் மென்பொருளும்

சர்வரில் ஓடுவது எந்த விண்டோஸ் பதிப்பு என்று பார்க்காமலேயே பலர் பார்ட்டிஷனில் (டிஸ்க்கை சி, டி என்று பிரித்திருக்கும் பகுதிகளில்) கை வைக்கிறார்கள், அதனால் ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். இறால், நண்டு வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்பும் கம்பெனி அது. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. டேலி கணக்கு மென்பொருளும் படகுக்காரர்களின் பாக்கிக் கணக்கும் அதில்தான் இருந்தன. அமைத்துக் கொடுத்தவர் சி டிரைவுக்கு 60 ஜிபி மட்டும் வைத்து, மீதியை எல்லாம் டி-க்குத் தள்ளிவிட்டுப் போயிருந்தார். அப்டேட்கள் சேர்ந்து சேர்ந்து சி நிரம்பி, ஒரு பில் போடுவதற்குள் சர்வர் திணற ஆரம்பித்துவிட்டது.

அங்கே வேலை பார்க்கும் தம்பி, தன் லேப்டாப்பில் பயன்படுத்தும் இலவச பார்ட்டிஷன் மென்பொருளைக் கொண்டுவந்தார். விண்டோஸ் 10-ல் அருமையாக ஓடியதுதான், ஆனால் சர்வரில் இன்ஸ்டாலே ஆகவில்லை. வீட்டு உபயோகப் பதிப்புகள் பலவும் கணினியில் ஓடுவது சர்வர் விண்டோஸ் என்று தெரிந்தால் மறுத்துவிடும், அதற்கென்று தனி உரிமம் வாங்க வேண்டும். "கிராக் இருக்கு அண்ணே, போட்டுடலாமா" என்றார், அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. நான் சம்மதிக்கவில்லை. யார் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாத ஒரு பிரதியிடம், கடலுக்குப் போகிறவர்களின் கூலிக் கணக்கு இருக்கிற டிஸ்க்கை ஒப்படைப்பது சரியில்லை.

சரி, டிரைவ்களை மாற்றியமைக்க விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியே போதுமா? சர்வர் 2003-ல் டிரைவைச் சுருக்கும் வசதியே கிடையாது, சிஸ்டம் டிரைவைப் பெரிதாக்கவும் விடாது. 2008-லிருந்துதான் இரண்டும் வந்தன. ஆனாலும் ஒரு முடிச்சு இருக்கிறது: டி-யைச் சுருக்கினால் காலி இடம் டி-க்குப் பின்னால் போய் விழும், சி விரிய வேண்டுமானால் அந்த இடம் சி-யை ஒட்டி வலப்பக்கம் இருக்க வேண்டும். அதனால்தான் டிரைவை விரிக்கும் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' தேர்வு அழுத்த முடியாதபடி மங்கலாகவே கிடக்கும். பலர் இதைப் பார்த்து டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயந்துவிடுகிறார்கள்.

விண்டோஸில் உள்ள டிஸ்ம் (DISM) என்ற கட்டளையில் பழைய அப்டேட் கோப்புகளைத் துடைத்துக் கொஞ்சம் இடம் தேற்றி, ஏப்ரல் 15-ல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் வரை ஓட்டினோம். ஜூன் 14 வரை விசைப்படகுகள் போகாது, கொள்முதலும் குறைவு, சர்வரை நிறுத்தினால் யாரும் சத்தம் போட மாட்டார்கள். டி முழுவதையும் பேக்கப் எடுத்து, அதை வேறு கணினியில் ரெஸ்டோர் செய்து டேலி திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டி-யை அழித்தோம். அப்புறம் சி-யை விரித்து, மீதியில் அதே எழுத்தில் டி-யை உருவாக்கி, தரவைத் திருப்பிப் போட்டோம். யூபிஎஸ் பேட்டரியை முன்பே சோதித்துக்கொண்டோம், நம் கரையில் காற்று பலமாக அடித்தாலே கரண்ட் போய்விடும்.

2012 ஆர்2-க்கு 2023 அக்டோபர் 10-ஓடு ஆதரவு முடிந்துவிட்டதால் இப்போது சர்வர் 2019-க்கு மாறுகிறார்கள். முதலாளி 4 டிபி டிஸ்க் கேட்கிறார். டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய முறையான எம்பிஆரில் (MBR) 2 டிபிக்கு மேல் எட்டாது; புதிய முறையான ஜிபிடி (GPT) டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் பூட் ஆக, கணினியைத் துவக்கும் மென்பொருள் யூஇஎஃப்ஐ (UEFI) வகையாக இருக்க வேண்டும். எம்பிஆர் டிஸ்க்கை ஜிபிடி ஆக மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி (MBR2GPT) கருவி சர்வர் 2019-லிருந்து உண்டு. தொண்டி, கீழக்கரை பக்கம் யாராவது ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் அந்த மாற்றத்தைச் செய்திருந்தால், பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு (RAID) கார்டு ஏதும் தகராறு செய்ததா என்று எழுதுங்கள்.