மொட்டைமாடி சோலார்: உச்சி வெயிலில் இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி (பல்லடம் வட்டாரம்):
வணக்கம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் அமைத்து நான்கு மாதங்கள் ஆகின்றன. மத்திய அரசின் 78,000 ரூபாய் மானியமும் வந்துவிட்டது. நாளொன்றுக்கு 12 யூனிட் கிடைக்கும் என்றார்கள். 8 யூனிட்டைத் தாண்டுவதே அரிதாக இருக்கிறது. காலையில் ஒழுங்காக ஓடும் இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றி லைனுக்கு அனுப்பும் கருவி), 11 மணிக்குமேல் ‘கிரிட் ஓவர் வோல்டேஜ்’ (லைனில் மின்னழுத்தம் அதிகம்) என்று காட்டி நின்று, சில நிமிடங்களில் தானாகவே கிளம்பி, மீண்டும் நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தொல்லை இன்னும் மிகுதி. பொருத்தியவர் லைன் கோளாறு என்கிறார். லைன்மேனோ இன்வெர்ட்டர் கோளாறு என்கிறார். வேண்டுமானால் இன்வெர்ட்டர் நின்றுவிடும் மின்னழுத்த வரம்பை 265 வோல்ட்டுக்கு உயர்த்தித் தருவதாகவும் பொருத்தியவர் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

மறுமொழி 1:
வெயிலில் பேனல்கள் சூடேறினால் உற்பத்தி குறையும். அதிகாலையில் தண்ணீர் விட்டுக் கழுவிப் பாருங்கள்.

மறுமொழி 2 (மின்பணியாளர்):
சூடேறினால் உற்பத்தி சற்றுக் குறையுமே தவிர, இன்வெர்ட்டர் அடியோடு நிற்காது. வரம்பை உயர்த்த ஒப்புக்கொள்ளாதீர்கள். மத்திய மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, மின்னழுத்தம் வழக்கமான அளவில் 110 விழுக்காட்டை, அதாவது 230 வோல்ட்டுக்கு 253 வோல்ட்டை, தாண்டினால் இன்வெர்ட்டர் லைனிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். அதை மீறி ஓட்டினால் அடிபடுவது உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜும் மோட்டாரும்தான். மின்சாரத்தை வெளியே தள்ள வேண்டுமானால் இன்வெர்ட்டர் தன் முனையில் லைனைவிட அழுத்தத்தைக் கூட்டியாக வேண்டும். கம்பி மெலிந்தும் நீண்டும் இருந்தால் இன்னும் அதிகமாகக் கூட்ட வேண்டும். ஆகவே, தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு நண்பகலில் மீட்டர் அருகிலும் இன்வெர்ட்டர் முனையிலும் அளந்து சொல்லுங்கள். கம்பியின் தடிமனையும் தெரிவியுங்கள்.

கேட்டவர்:
அளந்தோம் ஐயா. வேலைநாளில் இன்வெர்ட்டரை நிறுத்தியிருக்கும்போது மீட்டரில் 243 வோல்ட். அது நிற்பதற்குச் சற்று முன்பு மீட்டரில் 248, இன்வெர்ட்டரில் 253. அப்போது 12 ஆம்பியர் ஓடியது. ஞாயிறன்று நிறுத்திய நிலையிலேயே 247. மாடியிலிருந்து மீட்டர் வரை 30 மீட்டர் நீளத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி.

மறுமொழி 2:
அப்படியானால் இருவர் சொன்னதும் பாதி உண்மை. போக வர 60 மீட்டர் என்று கணக்கிட்டால் அக்கம்பியின் தடை ஏறத்தாழ 0.44 ஓம், 12 ஆம்பியருக்கு 5 வோல்ட்டுக்கும் மேல் அங்கேயே ஏறுகிறது. 6 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் அது 2 வோல்ட்டை ஒட்டி அடங்கும். அச்செலவைப் பொருத்தியவரே ஏற்பதுதான் முறை. எஞ்சியது லைனில் இருக்கிறது. உங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் விசைத்தறிக் கூடங்கள் உள்ளனவா? ஞாயிறன்று தறிகள் ஓய்ந்தால் சுமை குறைந்து அழுத்தம் ஏறும். அளவுகளைக் குறிப்பிட்டு, சர்வீஸ் கம்பி (கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி) இணைப்புகளைச் சோதிக்கவும் டிரான்ஸ்ஃபார்மர் டேப்பைக் (வெளிவரும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) குறைக்கவும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். டேப்பைக் குறைத்தால் இரவில் கடைக்கோடி வீடுகளுக்கு அழுத்தம் தாழும் என்பதால் அவர்கள் தயங்கக்கூடும், அத்தயக்கம் நியாயமானதே.

கேட்டவர் (மூன்று வாரங்களுக்குப் பின்):
தெருக்கோடியில் எட்டுத் தறிகள் உள்ள கூடம் இருக்கிறது. தாங்கள் கணித்தது சரியே. கம்பியை மாற்றிய பிறகு வேலைநாட்களில் இன்வெர்ட்டர் ஒருமுறைகூட நிற்கவில்லை, நேற்று 12.3 யூனிட். ஞாயிறன்று மட்டும் நண்பகலில் இன்னும் நிற்கிறது. மனு கொடுத்திருக்கிறேன், அளந்து பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.