ரிவால்வர் சிலிண்டர் திறக்கவில்லை: ராடை எந்தப் பக்கம் திருகுவது?

லேத்துக்கை: மேலே பழஞ்சரக்கு எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. பொன்வண்டு கேட்டது, பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 ரிவால்வர், தோட்டா போடும் சிலிண்டர் திறக்க மறுக்கிறது, வீட்டிலேயே சரிசெய்யலாமா என்று. அதற்கு இவர் "எஜெக்டர் ராடு (காலிக் கூடுகளை வெளியே தள்ளும் கம்பி) கழன்று நீண்டிருக்கும், வலப்பக்கம் திருகி இறுக்குங்கள்" என்கிறார். அது இடமரை ஐயா, இடப்பக்கம் திருகினால்தான் இறுகும்! வலப்பக்கம் திருகினால் இன்னும் கழலும்.

பழஞ்சரக்கு: 1961 வாக்கில்தான் இடமரைக்கு மாற்றினார்கள். அதற்கு முன்னால் வலமரைதான். இவருடையது அதற்கு முந்தையது என்றுதான் சொன்னேன்.

லேத்துக்கை: ஏன் மாற்றினார்கள் என்று தெரியுமா? சுடுபவர் பக்கமிருந்து பார்த்தால் அந்தச் சிலிண்டர் இடஞ்சுழியாகச் சுற்றும். ராடின் முன்முனை குழாய்க்கு அடியில் உள்ள முன்தாழில் உரச உரச, வலமரை மெல்லக் கழன்றுகொண்டே வரும். ராடு நீண்டுவிட்டால் முன்தாழ் விலகாது, சிலிண்டர் திறக்காது. அதனால்தான் இடமரை. இருபது வருடமாக லேத்தில் மரை வெட்டுகிறேன், எனக்குப் பாடம் வேண்டாம்.

பழஞ்சரக்கு: நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். கழன்றிருக்கிறது என்றால் அது வலமரை!

குறிதவறான்: முதலில், எந்த முனையிலிருந்து பார்த்து இடம், வலம் என்கிறீர்கள்? குழாய் முனைப் பக்கமிருந்தா, பின்பக்கமிருந்தா? அதைச் சொல்லாமல் சண்டை போட்டால் எப்படி?

லேத்துக்கை: இடமரை என்றால் இடமரை. இதில் முனை என்ன முனை.

பொன்வண்டு: அடிப்பிடியில் வரிசை எண் சி என்ற எழுத்தில் தொடங்குகிறது. உதவுமா?

பழஞ்சரக்கு: சி வரிசை 1948-இல் தொடங்கியது. பார்த்தீர்களா, பழையது!

லேத்துக்கை: அதே சி வரிசை 1960-களிலும் ஓடியதே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? கிரேனை (சிலிண்டரைத் தாங்கி வெளியே மடங்கும் கை) திறந்தால், சட்டத்தில் இடமரைக்கு மாறியபோது வந்த 10-2 என்ற எண் குத்தியிருக்கும், அப்போது தெரியும் யார் சொன்னது சரி என்று.

குறிதவறான்: திறக்கவில்லை என்பதுதானே அவருடைய பிரச்சினை.

அமைதிக்காரன்: உள்ளே தோட்டா இல்லை என்று எப்படித் தெரியும்? திறக்காத ரிவால்வரை நிறைந்ததாகவே எண்ண வேண்டும். குழாயை யார் பக்கமும் காட்டாமல், பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து சிலிண்டருக்குப் பின்னால் உள்ள இடுக்கில் தோட்டாவின் விளிம்பு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் கைவைக்காமல் பழுது பார்ப்பவரிடம் போங்கள்.

பொன்வண்டு: பார்த்தேன், விளிம்பு எதுவும் இல்லை. காலிதான்.

பழஞ்சரக்கு: அப்படியானால் ராடை விரலால் மட்டும் திருகுங்கள். குறடு வேண்டாம். குறட்டின் பல் பட்டு முனையில் உள்ள சொரசொரப்பு வரிகள் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்ட ஒன்றைக் கையில் வைத்திருக்கிறேன், பார்க்கவே வயிறு எரிகிறது.

லேத்துக்கை: அது யார் போட்ட குறடு? போன மாதம் "தோலைச் சுற்றிக் குறடு போடலாம்" என்று எழுதியது நீங்கள்தானே! திறந்த பிறகு முழுசாகக் கழற்றப் போகிறவர்கள் எதிரெதிர் அறைகளில் காலித் தோட்டாக் கூடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சிலிண்டரின் பின்னால் கூடுகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டைத் தாங்கும் சின்னப் பின்கள் வளையும். இதை அவர் சொல்லவே இல்லை.

பழஞ்சரக்கு: தோலைச் சுற்றிப் போடுவது வேறு, வெறும் குறடு வேறு. திரித்துப் பேசாதீர்கள். உங்களுக்குத்தான் மரை கழன்றிருக்கிறது.

குறிதவறான்: ராடே காரணமாக இல்லாமலும் இருக்கலாம். நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் ஒன்று சிக்கினாலே சிலிண்டர் இறுகிவிடும். திறந்ததும் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துப் பாருங்கள். உள்ளே காய்ந்த எண்ணெய் பிசினாகியிருந்தாலும்...

லேத்துக்கை: எண்ணெய்ப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். போன தடவை அதில் நீங்கள் சொன்னது எதுவும் எனக்கு மறக்கவில்லை.

குறிதவறான்: உள்பாகங்களை மூடும் பக்கத் தகட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பச் சொன்னவர் நீங்கள். மரக் கைப்பிடியால் சட்டத்தைத் தட்டினால் தானாக எழும்பும் என்று நான் சொன்னதற்கு என்ன பேச்சுப் பேசினீர்கள்!

லேத்துக்கை: நெம்பச் சொல்லவில்லை. தேடி எடுத்துக் காட்டுங்கள் பார்க்கலாம்.

பொன்வண்டு: சரி, இப்போது எந்தப் பக்கம் திருகட்டும்?

லேத்துக்கை: இடப்பக்கம்.

பழஞ்சரக்கு: வலப்பக்கம்.

குறிதவறான்: எந்த முனையிலிருந்து?