1840 விக்டோரியா வெள்ளி ரூபாய்: தரம் கணிக்க உதவி வேண்டும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அப்பாயியின் சுருக்குப்பையில் இருந்த 1840ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் என்னிடம் வந்திருக்கிறது. விற்க மாட்டேன். ஆனால் அதன் தரம், அதாவது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வைத்துச் சொல்லும் நிலை, மூன்று வாரமாகப் பிடிபடவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி நாணயம். 'விக்டோரியா', 'குயின்' இரண்டும் தலையின் இருபுறமும் பிரிந்து நிற்கும் வகை. தலைக்கு மேல் தொடர்ந்து ஓடும் வகை அல்ல. எடை 11.61 கிராம், அச்சிட்டபோது இருக்க வேண்டியது 11.66. காந்தம் இழுக்கவில்லை, விளிம்புக் கோடுகளும் சீராக உள்ளன. போலி என்ற சந்தேகம் எனக்கு இல்லை.

சிக்கல் மேற்பரப்பில்தான். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் வாரிய கூந்தல் இழை இழையாகத் தெரிகிறது, காதுக்கு மேலே மட்டும் தேய்ந்து ஒன்றாகிவிட்டது. முகத்துக்கு முன்னுள்ள வெற்றுப் பரப்பில் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். விளக்கின் கீழ் சாய்த்தால், அச்சிட்ட மினுமினுப்பு குலையாத நாணயத்தில் போல ஒளி சுழன்று வரவில்லை, தட்டையாக நிற்கிறது. எழுத்துகளின் இடுக்கில் மட்டும் பழைய கருமை. எங்கள் தெருவில் கொலுசைப் பூந்திக்கொட்டை நீரில் போட்டு பிரஷால் தேய்ப்பார்கள். யாரோ இதையும் அப்படித் தேய்த்திருக்க வேண்டும். நினைத்தாலே மனம் பதறுகிறது.

ஒரு கடையில் எடைக்கு விலை சொன்னார்கள். இன்னொருவர் திருப்பிக்கூடப் பார்க்காமல் 'எக்ஸ்ட்ராஃபைன்' (லேசான தேய்மானம் மட்டும் உள்ள தரம்) என்றார். ஏலப் படங்களோடு ஒப்பிட்டதில் எனக்கு அதற்கு ஒரு படி கீழான 'வெரி ஃபைன்' என்றே படுகிறது. நான் அதைத் துணியால்கூடத் துடைக்கவில்லை.

இருபுறப் படங்களும் சாய்வு ஒளியில் எடுத்து இணைத்திருக்கிறேன். இதற்கு 'வெரி ஃபைன்' தரம் கிடைக்குமா, அல்லது இந்தக் கீறல்களால் தரம் கணிப்பவர்கள் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று தரமின்றி ஒதுக்கிவிடுவார்களா?