10 நிமிடம் ஓடி நின்றுபோகும் எஞ்சின், பின்பலகையில் ஒரு விரிசல்: உதவி தேவை

தூண்டில்புதியவன்:
வணக்கம். மூன்று மாதத்துக்கு முன் பழைய ஃபைபர் படகு ஒன்று வாங்கினேன். 16 அடி நீளம், 40 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின், பெட்ரோல் டேங்க் தரைக்கு அடியில். தொழிலுக்கு இல்லை, ஓய்வு நாளில் தூண்டில் போடத்தான்.

கரையோரம் ஐடிலில் எவ்வளவு நேரம் விட்டாலும் எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. முழு வேகத்தில் போனால் 10 நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது, இரண்டு மூன்று தடவை திக்கித் திணறி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் ஸ்டார்ட் ஆகிறது, மறுபடி அதே கதை. பிளக் மாற்றினேன், ஃபில்டர் மாற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பயனில்லை. போன வாரம் துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்ந்தேன்.

கூடவே ஒரு சின்ன விஷயம். எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகையில் போல்ட்டுகளைச் சுற்றி முடி போல விரிசல். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் போதும்தானே?

அவசரக்காரன்:
பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில்தான், சந்தேகமே வேண்டாம். சூடானால் செத்துவிடும், ஆறினால் உயிர் வரும். எனக்கும் இப்படித்தான் ஆனது. மாற்றிவிடுங்கள்.

கிரீஸ்கை:
காயில் சூட்டில் சாவது உண்மைதான். ஆனால் அது போகும்போது பெரும்பாலும் சட்டென்று போகும். இவர் சொல்வதுபோல மூச்சு வாங்கித் திணறி நிற்பது பெட்ரோல் போதாத எஞ்சினின் குணம். சோதிக்காமல் இன்னொரு பாகம் வாங்காதீர்கள் நண்பரே, ஏற்கெனவே மூன்று வேலை பார்த்துவிட்டீர்கள், மூன்றும் எஞ்சின் பக்கம்.

டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில், கையால் அமுக்கிப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் பல்ப் இருக்கும். எஞ்சின் நிற்கும் அந்த நேரத்தில் கூட வருபவரை அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சப்பிப்போய்த் தட்டையாக இருந்தால் தடை டேங்க் பக்கம். அமுக்கியதும் எஞ்சின் பிழைத்துக்கொண்டால், ஹோஸில் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது எஞ்சினில் உள்ள பம்பின் டயாஃப்ரம் (உள்ளே அசையும் சவ்வு) தளர்ந்திருக்கிறது. பல்ப் நிறைந்தே இருந்தும் நிற்கிறது என்றால் மட்டும் மறுபடி எஞ்சின் பக்கம் வரலாம், காயிலும் அப்போதுதான்.

பல்ப் தட்டையாக இருந்தால் உடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் பிடித்து, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் வராது. ஐடிலில் குடிப்பது கொஞ்சம் என்பதால் கரையில் இது தெரியவே தெரியாது. திறக்கும்போது பக்கத்தில் பீடி, சிகரெட், பேட்டரி ஒயரில் பொறி எதுவும் கூடாது.

ஃபைபர்தூசி:
எஞ்சின் பேச்சு ஒரு பக்கம் ஓடட்டும். அந்தச் "சின்ன விஷயம்" எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை. அதற்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள், இப்போதைக்கு அடிக்கவே அடிக்காதீர்கள்.

உங்கள் பின்பலகை பெரும்பாலும் வெறும் ஃபைபர் இல்லை. இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவில் ப்ளைவுட். நாலு ஸ்ட்ரோக் 40 என்றால் எஞ்சின் எடையே கிட்டத்தட்ட 100 கிலோ. அதோடு தள்ளுவிசை வேறு, எல்லாவற்றையும் அந்தப் பலகைதான் தாங்குகிறது. உள்ளே மரம் ஊறினால் பலகை வளைய ஆரம்பிக்கும், வளைந்தால்தான் போல்ட்டைச் சுற்றி அப்படி விரிசல் விடும். மேல்பூச்சு மட்டும் வெடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. எதுவென்று பார்த்துவிடலாம்.

படகு டிரெய்லரில் இருக்கும்போது எஞ்சினைப் பாதி தூக்கி, அதன் அடிநுனியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். பலகையின் மேல்விளிம்பை இன்னொருவர் பார்க்கட்டும். அசைந்தால் விஷயம் முற்றிவிட்டது. அப்புறம் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் பலகை முழுக்கத் தட்டுங்கள். நல்ல மரம் டங் டங் என்று பதில் சொல்லும், ஊறிய இடம் பொத் என்று அமுங்கும். கடைசியாக, உள்பக்கமிருந்து, கீழே, தண்ணீர் வடிக்கும் துளைக்குப் பக்கத்தில் 5 மில்லிமீட்டர் பிட்டால் ஓர் ஓட்டை. வெளித்தோலைத் தொடாமல் நிறுத்துங்கள். வருகிற தூள் வெளிறி உலர்ந்திருந்தால் எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பசை) வைத்து அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

தூண்டில்புதியவன்:
இரண்டு செய்தி.

நல்லது முதலில். பல்ப் அப்பளம் மாதிரி தட்டையாக இருந்தது. மூடியைத் திறந்தேன், புஸ்ஸென்று காற்றை உறிஞ்சியது, இரண்டு நிமிடத்தில் எஞ்சின் பழையபடி. படகின் பக்கவாட்டில் டேங்குக்குக் காற்று போகும் சின்ன வாய் ஒன்று இருக்கிறது. கம்பி விட்டால் மண் மண்ணாக வருகிறது, குளவிக் கூடு! ஹோஸைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்து, வாயில் மெல்லிய கம்பிவலை வைத்தேன். இன்று முக்கால் மணி நேரம் முழு வேகம், ஒரு திக்கல் இல்லை. கிரீஸ்கை அண்ணனுக்கு நன்றி.

கெட்டது: மேல்விளிம்பு அசைகிறது. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு. ஓட்டையிலிருந்து தூள் வரவில்லை, காபிப்பொடி நிறத்தில் சேறு வந்தது, பின்னாலேயே தண்ணீர்.

கிரீஸ்கை:
பெட்ரோல் ஹோஸ் எத்தனை வருடப் பழசு என்று தெரியாவிட்டால் அதையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் சில பழைய ஹோஸ்களின் உள்தோல் உரிந்து, இழுக்கும்போது மடங்கி அடைக்கும், வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும். ஃபில்டரில் இருப்பதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வையுங்கள், அடியில் தண்ணீர் தனியாக நின்றால் டேங்கையும் காலி செய்ய வேண்டும்.

மற்றது ஃபைபர்தூசி பாடு.

அவசரக்காரன்:
பலகையில் வரிசையாக ஓட்டை போட்டு எபாக்ஸியை ஊசியில் ஏற்றிவிட்டால் முடிந்தது. ஒரு நாள் வேலை.

ஃபைபர்தூசி:
ஈர மரத்துக்குள் எபாக்ஸி இறங்காது அண்ணே. ஓட்டைக்குள் குச்சி குச்சியாக இறுகி நிற்கும், சுற்றி மரம் அதுபாட்டுக்கு அழுகும். விற்கப்போகிறவர் செய்கிற வேலை அது.

புதியவன், இந்தப் படகோடு இனித் தண்ணீரில் இறங்காதீர்கள். செய்யக்கூடிய வேலைதான், ஆனால் பொறுமை வேண்டும். பிரிப்பதற்கு முன் பலகையின் மொத்தத் தடிமன், மேல்விளிம்பு உயரம், போல்ட் துளைகளின் இடம் மூன்றையும் அட்டையில் வரைந்து வையுங்கள். இதைச் செய்யாமல் பிரித்துவிட்டு எஞ்சின் உயரத்தை நானே தேடித் தவித்திருக்கிறேன். எஞ்சினைச் செயின் பிளாக்கில் இறக்குங்கள், கையால் முயலாதீர்கள். உள்தோலை வெட்டி எடுங்கள், வெளித்தோல் அப்படியே நிற்கட்டும், படகின் வடிவம் அதில்தான் இருக்கிறது. அழுகியதைச் சுரண்டி, நல்ல ஃபைபர் தெரியும்வரை தேயுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகத்துக்கு ரெஸ்பிரேட்டர், கைக்கு முழு நீளச் சட்டை. அரிப்பு எப்படியும் இரண்டு நாள் இருக்கும்.

மெரைன் ப்ளைவுட் 18 மில்லிமீட்டரில் இரண்டு என்றால் பல படகுக்குப் பொருந்தும், உங்களுடையதை அளந்து முடிவு செய்யுங்கள். கெட்டியாகக் கலந்த எபாக்ஸியில் ஒட்டி, கிளாம்ப் போட்டு, ஓரங்களை வளைவாக நிரப்பி, பக்கச்சுவர் வரை ஃபைபர் துணி ஏற்ற வேண்டும். நெய்த துணியாக வாங்குங்கள். கடையில் முதலில் எடுத்து நீட்டும் சாப்டு மேட் (வெட்டிய ஃபைபர் இழைகளைப் பசையால் பிடித்த விரிப்பு) பாலியெஸ்டர் ரெசினுக்கானது; அதன் பசை பெரும்பாலும் எபாக்ஸியில் கரையாது, விறைத்துக்கொண்டு நிற்கும்.

தண்ணீர் எங்கிருந்து போனது என்று பார்த்தீர்களா?

தூண்டில்புதியவன்:
நீங்கள் கேட்டபிறகுதான் பார்த்தேன். நீர்மட்டத்துக்குக் கீழே நாலு ஸ்க்ரூ ஓட்டை, மேலே வெறும் பெயிண்ட். பழைய சொந்தக்காரர் மீன்காட்டும் கருவியின் சென்சாரை மாட்டிக் கழற்றிய இடம்.

ஃபைபர்தூசி:
அதேதான். இனி சென்சாருக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் பலகையை ஒட்டி, அதில் மட்டும் ஸ்க்ரூ போடுங்கள். எஞ்சின் போல்ட் துளைகளைப் பெரிதாகத் துளைத்து எபாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் சரியான அளவில் மறுபடி துளையுங்கள், அப்போது மரம் எங்கும் வெளியே தெரியாது. போல்ட்டுக்குப் பாலியூரித்தேன் சீலன்ட், குளியலறை சிலிக்கான் வேண்டாம்.

தூண்டில்புதியவன்:
சரி. எஞ்சினை நேற்று இறக்கிவிட்டோம். வாங்கும்போது அவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்துக் காட்டினார், நானும் அதன் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன், பின்பலகையை ஒரு தட்டுத் தட்டவில்லை. உள்தோலை வெட்டுவது வரும் ஞாயிறு. கிரைண்டரில் எந்த டிஸ்க் போட வேண்டும்?

ஃபைபர்தூசி:
வெட்ட டயமண்ட் டிஸ்க், தேய்க்க 36 கிரிட் மடிப்பு டிஸ்க். ஓரத்திலிருந்து நாலு விரல் உள்ளே தள்ளி வெட்டுங்கள், புதுத் துணி ஒட்டிக்கொள்ள அந்த விளிம்பு வேண்டும்.