அலிஸ் ஸ்பிரிங்ஸ் – கூபர் பீடி: 1 மணி 15 நிமிட பிளைட் உண்மையில் இருக்கிறதா?

வெள்ளவத்தை வாசி:
வணக்கம். ஜூலையில் அம்மாவோடு (68 வயது) மெல்பேர்ண் வழியாக அலிஸ் ஸ்பிரிங்ஸ் போகிறோம். அங்கிருந்து தென் ஆஸ்திரேலியாவில் இருக்கிற கூபர் பீடி. தூரம் பார்க்கும் தளத்தில் 597 கி.மீ., 1 மணி 15 நிமிடம் என்று கிடக்கிறது. ஆனால் எந்தத் திகதி போட்டாலும் டிக்கெட் வரவில்லை. என்ன செய்யலாம்?

திசைகாட்டி:
அந்த நேரத்தை நம்ப வேண்டாம். நேர்கோட்டுத் தூரத்தை 800ஆல் வகுத்து, ஏற இறங்க அரை மணித்தியாலம் கூட்டினால் வருகிற கணக்கு அது. அந்த வழியில் விமானம் ஓடுகிறதா என்று தளம் பார்ப்பதில்லை. இந்த இரண்டு ஊருக்கும் இடையில் நேரடிச் சேவை இல்லை. அடிலெய்ட் போய், அங்கே விமானம் மாறித்தான் போக வேண்டும்: தெற்கே சுமார் 1,320 கி.மீ., பிறகு வடமேற்கே 750 கி.மீ. அளவில். ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம், காத்திருப்பு வேறு. கூபர் பீடிக்குப் போவது சாப் 340 போன்ற சின்ன விமானம், பொதி எடை வரம்பும் குறைவு. இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்தால், முதலாவது பிந்தி இரண்டாவது தவறினாலும் பொறுப்பு உங்களுடையதுதான்.

தரைவழி:
ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் சுமார் 690 கி.மீ., முழுக்கத் தார் ரோட்டு. பருத்தித்துறையில் இருந்து தெய்வேந்திர முனை வரை 435 கி.மீ. தானே, அதை நினைத்துப் பாருங்கள். நிற்கும் நேரத்தோடு 8 மணித்தியாலம் வையுங்கள். வழியில் நிற்கக்கூடிய இடங்கள்: அலிஸில் இருந்து 200 கி.மீ. இல் எர்ல்டண்டா, 275 இல் குல்கேரா, 455 இல் மார்லா. மார்லாவில் கட்டாயம் பெற்றோல் நிரப்புங்கள், அதற்குப் பிறகு இன்னும் 235 கி.மீ. கிடக்கிறது. வேக வரம்பு அலிஸ் இருக்கிற வட பிராந்தியத்தில் மணிக்கு 130 கி.மீ., தென் ஆஸ்திரேலிய எல்லை தாண்டினால் 110.

ஜூலையில் 6 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கங்காரு ரோட்டுக்கு வருவது அந்த நேரம்தான். ஊருக்கு வெளியே இரவில் மிருகம் அடிபட்டு வரும் சேதத்தைப் பல வாடகைக் கார் ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை, கையெழுத்துக்கு முன் அந்தப் பந்தியைத் தேடி வாசியுங்கள். காலை 8க்கு வெளிக்கிட்டால் வெளிச்சத்தோடு சேரலாம். ஆளுக்கு 5 லீற்றராவது தண்ணீர் வேண்டும். பெரும்பாலான இடங்களில் போன் சிக்னல் இராது. சிம் வாங்கினால் டெல்ஸ்ட்ரா நிறுவனத்தின் சிம் வாங்குங்கள்.

வெள்ளவத்தை வாசி:
நன்றி அண்ணா. சின்ன விமானம் வாடகைக்குப் பிடித்தால்?

திசைகாட்டி:
597 கி.மீ. என்பது 322 கடல்மைல். செஸ்னா 172 என்ற சின்ன விமானம் 110 நொட் (மணிக்கு 110 கடல்மைல்) வேகத்தில் போகும், ஆகவே கிட்டத்தட்ட 3 மணித்தியாலம். எதிர்க்காற்று 20 நொட் என்றால் மூன்றரையைத் தாண்டும். அதைவிட வேகமான செஸ்னா 210 என்றால் இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். விமானி வெறுமனே திரும்பும் பறப்பின் காசும் உங்கள் தலையில்தான் வரும். அம்மாவுக்கு என்றால் அடிலெய்ட் வழி போய், இடையில் ஓர் இரவு தங்குங்கள்.

தரைவழி:
காரில் போவதென்றால் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பிலேயே எடுத்துவிடுங்கள். அலிஸில் எடுத்து கூபர் பீடியில் காரை விட முடியுமா, அதற்குத் தனிக்கட்டணம் எவ்வளவு என்றும் பதியும்போதே கேளுங்கள்.