ஃபேட்பாய் ஸ்லிம் சிடி: பின்பாதிப் பாடல்களைப் படிக்க வழி உண்டா?

பிரிட்டிஷ் டிஜே நார்மன் குக், அதாவது ஃபேட்பாய் ஸ்லிம், 2006-இல் வெளியிட்ட ‘தி கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்: ஒய் ட்ரை ஹார்டர்’ சிடியைக் கணினியில் ஏற்ற முடியவில்லை. முதல் பாதி சுத்தமாக வருகிறது. அப்புறம் டிக் டிக் என்று வெட்டி, கடைசிப் பாடல்களில் அப்படியே நின்றுவிடுகிறது.

இருப்பது லண்டன். சிடி, வெளியான காலத்தில் வாங்கியது. போன குளிர்காலம் வரை நன்றாகப் பாடியது. கணினி விண்டோஸ் 11, வெளியே செருகும் யுஎஸ்பி டிவிடி டிரைவ்.

மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்தேன். நண்பர் வீட்டு பிளேயரிலும் அதே கதை. சிடி பாடல்களைக் கணினிக்கு எடுக்கும் ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ மென்பொருளில், திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் செக்யூர் முறையில், வேகத்தைக் குறைத்தும் ஓட்டிவிட்டேன். கீறல் எதுவும் இல்லை. ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் வெளி விளிம்போரம் ஊசித்துளை போலப் புள்ளிகள் தெரிகின்றன. சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால், பின்பாதி மட்டும் கெடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஆஷா போஸ்லேவைக் கொண்டாடும் ‘பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா’வின் ரீமிக்ஸும் இதில்தான் இருக்கிறது. எனக்கு உயிரான தொகுப்பு. இன்னொரு பிரதி வாங்குவதைவிட இதையே காப்பாற்றத்தான் ஆசை.

இப்படிப் புள்ளி விழுந்த சிடியை உங்களில் யாராவது முழுதாகப் படித்திருந்தால், எந்த டிரைவில் படித்தீர்கள்?